வடிவின் இருங்குச் சோளம்

ஜூன் 5, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மாலையில் வடிவின் ஆராய்ச்சிக்கு முடிவு வந்துவிட்டது. முதலாவதை மட்டும்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

வடிவு என் மனைவி. முழுப்பெயர் சண்முகவடிவு. வேளாண் கல்லூரியில் என் வகுப்பு. கடைசி வருடம் நான் முதலாவது, அவள் நான்காவது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பாப்பா பிறந்தபோது படிப்பை விட்டவளை, "திரும்ப வா, பிஎச்.டி. சேரு, வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று கொண்டுவந்து சேர்த்தது நான். ஆய்வகத்தில் கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்தது நான். யார் சொன்னது, யார் செய்தது என்று எங்காவது எழுதி இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர், தற்காலிகம். வருடா வருடம் ஆணை வரும். இருவருக்கும் மேலே ஹெலன் மேடம்.

வறட்சியில் செடி எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான் எங்கள் பிழைப்பு. தண்ணீர் இல்லையென்றால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். வெயில் மூடிக்கொள்ளாது. வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் உள்ளே சக்தி தேங்கி, செல்லையே அரிக்கத் தொடங்கும். அப்போது கைகொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் இருக்கிற மிகச் சிறிய உலைகள். அவை ஆக்சிஜனைச் செலவழிக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி செடிக்கு வேண்டிய சக்தியைச் சேமித்துத் தரும். இரண்டாவது வழி எதையும் சேமிக்காது, சூடாக வெளியே விட்டுவிடும். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்கிறதே, அதுபோல. அந்தத் தண்ணீர் நம் வயலுக்கு வராது, ஆனால் கரை தப்பும்.

சயனைடு போட்டால் முதல் வழி அடைபடும். அதன் பிறகும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனால், இரண்டாவது வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். வடிவு, மானாவாரிக் காட்டில் விளைகிற நாட்டு ரகமான இருங்குச் சோளத்தைத் தொட்டியில் வாடவிட்டாள். இலையை ஐஸ் மேல் வைத்து அரைத்து, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, குப்பியில் விட்டு, சயனைடு போட்டாள். கணினியில் ஆக்சிஜன் குறைவதைக் காட்டும் கோடு கொஞ்சமும் மாறவில்லை. சயனைடு போட்டதே தெரியாத மாதிரி அதே சாய்வில் இறங்கியது. தண்ணீர் ஊற்றி வளர்த்த சோளத்தில் போட்டதும் கோடு படுத்துவிட்டது. ஏதோ ஒரு நாள் அல்ல, மே மாதம் முழுக்க இப்படியே வந்திருக்கிறது. வாடிய செடி ஏறக்குறைய மொத்தமாக இரண்டாவது வழிக்கு மாறிவிடுகிறது என்று பொருள். இந்த அளவுக்கு யாரும் பார்த்ததில்லை.

ஹெலன் மேடம் எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டார். நானும் கைதட்டினேன்.

ஆகஸ்டில் மேடம் ஒரு பெயரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பவேண்டும். அங்கே ஓர் ஆய்வகத்தில் ஒரு வருட வேலை. ஒரே ஒரு பெயர். அது என் பெயர் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட்கூடப் புதுப்பித்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

பொறாமை இல்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

பாப்பாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. வடிவுக்குச் செடி வாடுகிற பதம் இன்று, விட முடியாது என்றாள். நான் ஆராய்கிற உளுந்துக்குப் பதமே கிடையாது போல. நான் அரை நாள் விடுப்பு.

பாட்டில் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஆக்சிஜன் அளக்கும் கருவி எங்களிடம் ஒன்றுதான். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி, அடியில் மின்முனை, உள்ளே சுழல்கிற சின்னக் காந்தம். காலையில் எனக்கு, பிற்பகல் வடிவுக்கு. முன்னால் பயன்படுத்தியவர் கழுவி வைத்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. வேறு ஆய்வகங்களில் அளக்கப் போகிறவர்தான் கழுவிக்கொள்வார். நாங்கள் கணவன் மனைவி, ஒரு வேலையை எதற்கு இரண்டு தடவை செய்வது? வீட்டிலும் பாத்திரம் கழுவுவது நான்தான். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "நீ கழுவுனா அதுல மூஞ்சி பாக்கலாம்" என்று வடிவே சொல்லியிருக்கிறாள்.

குப்பியை ஆல்கஹால் விட்டுக் கழுவவேண்டும் என்பார்கள். ஆல்கஹால் மேடத்தின் பீரோவில், பூட்டி இருக்கும். கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். கேட்டால், "போன வாரம்தான வாங்குனீங்க, காளிராஜ்?" என்று கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. ஏப்ரலில் வடிவு கேட்கப் போனாள். "எத்தன தடவம்மா கேட்டுக்கிட்டு இருப்ப? இத நீயே வச்சுக்கோ" என்று முழு பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதில் வடிவு என்று பெயர் ஒட்டி, அவள் மேசையில் இருக்கிறது. இன்று இரண்டாவது பாட்டில்.

"எடுத்துக்கோயேன் காளி, எல்லாம் ஒண்ணுதான" என்றாள்.

எல்லாம் ஒன்றா? பதினோரு வருடம் இந்தத் துறையில் இருக்கிறவன், பெண்டாட்டியின் பெயர் ஒட்டிய பாட்டிலில் கடன் வாங்குவதா? தண்ணீர் இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர், குறைச்சல் ஒன்றும் இல்லை. ஏப்ரலிலிருந்து அதில்தான் கழுவுகிறேன்.

ஜூன் 20, வியாழன்

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆஸ்திரேலியாவுக்கு வடிவு பேரக் குடுக்கலாம்னு இருக்கேன். ஜூலை கடைசியில செமினார் வச்சுருவோம். அது முடிஞ்சதும் பேப்பர் அனுப்பிட்டு, பேரும் அனுப்பிருவேன். உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே?"

"எனக்கு என்ன மேடம் வருத்தம்? பெருமைதான்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிறகு, கேட்காமலே, "பாப்பாதான் சின்னப் பிள்ளை. ஒரு வருஷம் அம்மா இல்லாம இருப்பாளான்னுதான்..." என்று இழுத்தேன். பாப்பாவை நினைத்துத்தான் சொன்னேன். நான் போவதாக இருந்தபோது பாப்பாவைப் பற்றி யோசிக்கவில்லையே என்று கேட்டால், அது வேறு. நான் அப்பா.

மேடம், "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது வடிவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னா நான் போகல, காளி" என்றாள். கல்லூரியில் நான் சார், என் அம்மா முன்னால் என்னங்க, மற்ற நேரமெல்லாம் காளி. போகவில்லை என்று அவள் சொன்னதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுக்கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள், வாங்கிக்கொள்கிற இடத்தில் நான்.

"நான் எதுக்குச் சொல்லணும்? ஒன் இஷ்டம்" என்றேன்.

சாப்பிடும்போது பாப்பா பள்ளியில் ஒரு பல்லி வகுப்பில் விழுந்த கதையை முழுவதும் சொன்னாள்.

ஜூன் 21, வெள்ளி

சரி, பொறாமைதான். நெஞ்சுக்கூட்டுக்குள் புளித்த மாவு மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கிறது. எழுதியாயிற்று. எழுதினால் குறையும் என்றார்கள், குறையவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

காற்று இரண்டு நாளாகப் பேயாட்டம் ஆடுகிறது. மழை மறைப்புக் கூடாரத்தின் பாலிதீன் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. வடிவின் தொட்டிகளில் மண் பறந்து, வேர் தெரிந்தது. நானும் அவளும் சேர்ந்து கட்டினோம். கட்டும்போது பழைய நாள் மாதிரி இருந்தது. கயிற்றை நான் இழுக்க, அவள் முடிச்சுப் போட, "இன்னும் இழுடா, சோறு திங்கலையா?" என்று திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து பூச்சியியல் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "வடிவு மேடம் செடி இதுதானா? இருங்குச் சோளமா? பிரமாதம் மேடம்!" அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "சார் கூட ஒத்தாசைக்கு வந்துருக்கீங்களா?" என்று கேட்டார்.

கயிற்றை விட்டுவிட்டு வந்துவிட்டேன். முடிச்சு எல்லாம் அவள்தான் போட்டாள், மீதியையும் போடட்டும்.

தேநீர்க் கடையில்கூட இப்போது நான் "வடிவு மேடம் வீட்டு சார்".

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. மின்சார அடுப்பில் சோறு. உளுந்தில் ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வடிவும் பாப்பாவும் அவள் அக்கா வீட்டுக்குச் சாத்தூர் போயிருக்கிறார்கள். நான் துணி துவைத்துவிட்டு கல்லூரிக்குப் போனேன்.

ஏன் போனேன் என்று கேட்டால், வாட்ச்மேனிடம் உளுந்து வேலை என்று சொன்னேன். அவளுடைய தொட்டிகளில் ஓரத்தில் இருந்ததிலிருந்து வாடிய இலை கொஞ்சம் கிள்ளினேன், அவளுக்குத் தெரியாது. அவள் செய்வதை நான் செய்தால் வருகிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாம் நான் கற்றுக்கொடுத்த முறைதானே. குப்பியை அவள் பாட்டிலில் இருந்தே ஆல்கஹால் எடுத்து, மூன்று முறை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை, யார் பார்க்கப் போகிறார்கள்?

வரவில்லை. சயனைடு போட்டதும் கோடு சாய்வு குறைந்து படுத்தது. கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்தது, தண்ணீர் ஊற்றிய செடியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மறுபடி அரைத்தேன். மறுபடி கழுவினேன். மறுபடி அதே கதை.

உட்கார்ந்துவிட்டேன். என் கையில் வராதது அவள் கையில் வருகிறது. கைராசி என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் இன்று முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மதிப்பெண் எடுத்த கை.

ஜூலை 15, திங்கள்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலையில் வழக்கம்போல என் உளுந்து. நான் அதில் போடுவது ஆன்டிமைசின். சயனைடு போல அதுவும் முதல் வழியை அடைக்கிற மருந்துதான், ஒரு படி முன்னால் அடைக்கும். முடித்தேன். தண்ணீரில் கழுவினேன். வடிவு பாப்பாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தாள், வர நேரமாகும். நேற்று மிச்சம் வைத்த ஆத்திரம். ஒரு தடவை, கடைசியாக, என்று அவள் சோளத்தை அரைத்துக் குப்பியில் விட்டேன். சயனைடு போட்டேன்.

கோடு மாறவில்லை! அவள் கோடு. அதே சாய்வு, அதே அழகு.

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, என் கைக்கும் வந்துவிட்டது என்று. பிறகு குப்பியைப் பார்த்தேன்.

ஆன்டிமைசின் ஒட்டுகிற சாமான். எண்ணெய்ப் பாத்திரம் மாதிரி. தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் குப்பியின் சுவரில் இருக்கும். அது முதல் வழியை ஏற்கெனவே அடைத்துவிடுகிறது. அடைத்த வழியைச் சயனைடு வந்து மறுபடி எப்படி அடைக்கும்? கோடு எப்படி மாறும்? செடி எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் வைத்துவிட்டுப் போன அழுக்குதான் அவளுடைய கண்டுபிடிப்பு.

வாடிய செடிக்கு மட்டும் ஏன் அப்படி? அதுவும் புரிந்தது. வாடிய இலை காத்திருக்காது என்று அவள் எப்போதும் அதைத்தான் முதலில் வைப்பாள். முதலில் வைப்பதில் என் அழுக்கு. பிறகு அவளே தன் ஆல்கஹாலில் பளிச்சென்று கழுவி, தண்ணீர் ஊற்றிய செடியை வைப்பாள். அதில் அழுக்கில்லை. தினமும் அதே வரிசை. ஒரு நாளாவது மாற்றி வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சிரித்தேன். தனியாக, வாய்விட்டு. ஒன்றரை மாதமாக நான் வயிறெரிந்தது என் அழுக்கைப் பார்த்துத்தான்.

மாலையில் எல்லோருக்கும் தோசை நானே சுட்டேன். பாப்பாவுக்கு நட்சத்திர வடிவத்தில் ஒன்று. வடிவுக்கு நெய் விட்டு, ஓரம் முறுகலாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. சுடும்போது ஏதோ பழைய பாட்டு வாயில் வந்தது. வடிவு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காளி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாருக்கேன். இன்னொண்ணு வைக்கவா?"

ஜூலை 16, செவ்வாய்

சொல்லவேண்டும். கண்டிப்பாகச் சொல்வேன். ஆனால் இப்போது சொன்னால் என்ன நினைப்பாள்? பொறாமையில் சொல்கிறான் என்பாள். மேடமும் அதையேதான் சொல்வார். நேரம் பார்த்துச் சொல்லவேண்டும்.

மேடம் ஏதாவது சொன்னாரா என்று வடிவு கேட்டாள். யாரிடம் என்றேன். ஒங்கிட்ட என்றாள். இல்லையே என்றேன்.

ஜூலை 18, வியாழன்

வடிவின் நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். செமினாருக்கு அதைத்தான் கட்டப்போகிறாள். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கினேன். பாப்பாவுக்குத் தலைவாரினேன், கோணலாக வந்தது, பரவாயில்லை. நான் நல்ல கணவன். மற்ற வீடுகளில் இதெல்லாம் யார் செய்கிறார்கள்?

வடிவு விடிந்ததும் கல்லூரிக்குப் போய்விடுகிறாள். படங்களைச் சரிசெய்கிறாளாம். "பாப்பாவ நான் கெளப்பி விடுதேன், நீ போ" என்றேன். அவள் வாசலில் நின்று ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"காளி, ஞாயித்துக்கெழம எம் பாட்டில்ல ஆல்கஹால் எடுத்தியா? கொறஞ்சிருக்கு."

"இல்லியே."

"சரி."

ஜூலை 21, ஞாயிறு

யோசித்து முடிவு செய்துவிட்டேன். செமினாரில் கேட்பேன். அரங்கில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், அதற்குத்தான் செமினார். "அளக்கும் வரிசையை மாற்றிப் பார்த்தீர்களா? குப்பியில் முந்தைய மருந்தின் மிச்சம் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?" இவ்வளவுதான். மரியாதையான கேள்வி. யாருடைய மருந்து, யார் கழுவியது என்பதெல்லாம் கேள்வியில் வராது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி கேட்பது அறிவியல். பேப்பர் வெளியே போய் நாலு பேர் சிரிப்பதற்கு முன்னால் வீட்டு மனிதனே கேட்பது நல்லது. அவளுக்கு நல்லதைத்தான் செய்கிறேன்.

அவளுடைய முகம் அப்போது எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை அல்ல.

ஜூலை 25, வியாழன்

நாளை. வடிவு சரியாகச் சாப்பிடவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, காபி நல்லா இல்லையா?" என்றேன். "ஒண்ணும் சொல்லணுமா ஒனக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாப் பண்ணு" என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

இரண்டாவது வரிசை, நடைபாதை ஓரம். எழுந்திருக்க வசதி.

அரங்கு நிறைந்திருந்தது. பூச்சியியல் ஆட்கள்கூட வந்திருந்தார்கள். மேடம் முன்வரிசையில் பட்டுப்புடவை. வடிவு நீலப் புடவையில் மேடை ஏறினாள். வறட்சி, இலை, மைட்டோகாண்ட்ரியா, இரண்டு வழி, எல்லாம் தெளிவாகச் சொன்னாள். அவள் நன்றாகப் பேசுவாள், அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கோடு திரையில் வந்தபோது பின்னால் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

அவள் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"இப்ப நான் காட்டுன கோடு தப்பு" என்றாள்.

அடுத்த படம் வந்தது. குப்பியை ஒவ்வொரு தடவையும் தானே ஆல்கஹாலில் கழுவி, வரிசையை மாற்றி மாற்றி வைத்து, பத்து நாளாக மறுபடி அளந்தது. கோடுகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வாடிய சோளத்தில் இரண்டாவது வழி கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். சின்ன வித்தியாசம்.

"குப்பியில ஒட்டியிருந்த வேற மருந்தோட மிச்சம், முதல் வழிய முன்னாடியே அடைச்சிருக்கு. அதத்தான் நான் செடியோட திறமைன்னு நெனச்சுக்கிட்டேன். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்ல. மன்னிக்கணும்."

மேடத்தின் கழுத்து சிவந்துவிட்டது. பூச்சியியல்காரர் எழுந்து, "அந்த மருந்து அங்க எப்படி வந்துச்சு மேடம்? முன்னாடி யார் யூஸ் பண்ணினது?" என்று கேட்டார்.

நான் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பைக்குள் என் கேள்வி இருந்தது.

வடிவு என் பக்கம் திரும்பவே இல்லை. "அளக்கிறவதான் சார் குப்பியக் கழுவணும். நான் கழுவல. வாடுன செடியவே எப்பவும் முதல்ல வச்சேன், வரிசைய மாத்தல. ரெண்டும் எந் தப்பு."

முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். மேடம் எழுந்து, கோபம் அப்படியே இருக்க, "இந்த மேடையில இதச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். மாணவர்கள் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

வெட்கம் வந்திருக்க வேண்டும் எனக்கு. வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. கண்டுபிடித்தபோதும் அவளுக்குத்தான் கைதட்டல், அது பொய் என்று தெரிந்தபோதும் அவளுக்குத்தான் கைதட்டல். முதலில் கண்டுபிடித்தது நான். ஒருவருக்கும் தெரியாது.

ஜூலை 27, சனி

நேற்று வீட்டுக்கு வந்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இன்று மத்தியானம், பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும் கேட்டாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"என்னது?"

"காளி."

"முந்தாநாள்தான் லேசா ஒரு சந்தேகம்..."

"நீ தோச சுட்ட அன்னைக்கே தெரியும்."

அவள் கோபப்படவில்லை, அழவில்லை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஜூன் மாசத்துல இருந்து எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல நீ. திடீர்னு ஒரு நாள் பாட்டுப் பாடிக்கிட்டு தோச சுடுத. மேடம் ஒனக்குத்தான் ஏதோ நல்ல சேதி சொல்லிட்டாங்க போலன்னு சந்தோசப்பட்டேன், காளி. ஒங்கிட்டயும் கேட்டேன், மேடத்துக்கிட்டயும் கேட்டேன். ஒண்ணுமில்லன்னாங்க. ஒனக்கு நல்லது எதுவும் நடக்கல. அப்புறம் எதுக்கு நீ இவ்வளவு சந்தோசமா இருக்கேன்னு யோசிச்சேன். எனக்கு ஏதோ கெட்டது நடந்திருந்தாத்தான் உண்டு. மறுநாளே போயி எல்லாத்தையும் மொதல்ல இருந்து அளந்தேன். ஒஞ் சந்தோசத்த வச்சுத்தான் எந் தப்பக் கண்டுபிடிச்சேன்."

"நீ கேட்டிருக்கலாம்ல?" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"தெனமும் காபி குடுக்கும்போது, இப்பச் சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லிருந்தா, நாம ரெண்டு பேரும் சேந்து அந்த மேடையில நின்னுருக்கலாம்."

கிரைண்டரை மறுபடி போட்டாள். அதற்கு மேல் பேசினாலும் கேட்டிருக்காது.

ஜூலை 30, செவ்வாய்

காலையில் குப்பியை ஆல்கஹாலில் கழுவினேன். பிற்பகல் அவள் வந்து மறுபடி கழுவினாள். என் முன்னாலேயே கழுவினாள்.

ஆகஸ்ட் 3, சனி

பாப்பாவின் மேல்பல் விழுந்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து கூரை மேல் எறிந்தோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேடம் கூப்பிட்டார்.

"வடிவு பேப்பர் இப்போதைக்கு இல்ல. பேர் அனுப்பக் கடைசி நாள் வந்தாச்சு. உங்க பேரத்தான் குடுக்கப் போறேன், காளிராஜ். வடிவும் அதத்தான் சொன்னா. 'எனக்கு இந்த வேலையெல்லாம் கத்துக்குடுத்ததே அவருதான் மேடம், அவர அனுப்புங்க'ன்னா."

மூன்று வருடமாக இந்த அறையில் இந்த நாற்காலியில் இந்த வார்த்தையைக் கேட்பேன் என்று காத்திருந்தேன். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு சுளிப்பு, ஒரு விழுங்கல், கடுகளவு பொறாமை, ஏதாவது தெரியும் என்று. தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"நல்லது காளி. நல்லபடியாப் போயிட்டு வா. பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

"ஒத்தையில கஷ்டப்படுவ."

பாப்பாவின் சீருடையை மடித்து வைத்துவிட்டு, நிமிராமலே சொன்னாள்.

"இல்ல. அந்தச் சின்ன வித்தியாசம் இருக்குல்லா, அது சின்னதுன்னாலும் நெசம். இந்த ஒரு வருசத்துல அத முழுசாப் பாத்து எழுதிருவேன். அது நல்லபடியா வெளிய வார அன்னைக்கு, வீட்டுக்கு வந்து ஒம் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்காம, நானும் பாப்பாவும் கொஞ்சம் சந்தோசமா இருந்துக்கிடுதோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கடைக்குப் போக என்ன வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு என் சட்டையை எடுத்து, காலரை நீவி, மற்ற துணிகளோடு அடுக்கினாள்.

இதை எழுதும்போது உள்ளறையில் இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன என்று போய்க் கேட்கலாம். நான் போனால் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.